கை மாறிய இடம்

தேவிப்ரியா நீட்டிய தாள்களைப் பார்த்ததுமே கைத்தறி நெய்யும் சாவித்திரிக்குச் சந்தேகம் தட்டியது. வரிக்கு வரி மஞ்சள், பச்சை, அரக்கு என்று நிறங்கள் மட்டும். யாருடைய டிசைனையோ திருடி, அடையாளம் தெரியாமல் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள் என்றே நினைத்தாள். போன வருஷம் தன்னுடைய மாங்காய்க் கரை டிசைன் பவர்லூமுக்குத் திருட்டுப் போனதும் இதேபோல மரியாதையாகப் பேசிய ஒரு ஆளால்தான்.

"யார்துங்க இது?"

"எங்கப்பா எழுதுன நாவல்க்கா. ஒரு வாக்கியத்துக்கு ஒரு இழை. சின்ன வாக்கியம் மஞ்சள், நடுத்தரம் பச்சை, நீளம் அரக்கு. அவர் எழுத்து துணியில எப்படி விழுதுன்னு பாக்கணும்."

தேவிப்ரியா கல்லூரியில் தமிழ் நடத்துபவள். அப்பா இறந்து ஐந்து வருஷம். சாவித்திரி நம்பவில்லை. தறி சும்மா கிடந்ததால் ஒப்புக்கொண்டாள். தெரிந்த டிசைன் எங்காவது தலைகாட்டுகிறதா என்று கண்ணை எடுக்காமல் நெய்தாள்.

தலைகாட்டவில்லை. மூன்று முழம் வரைக்கும் அரக்கு பட்டை பட்டையாக வந்தது. அதற்குப் பிறகு அரக்கே இல்லை. மஞ்சளும் பச்சையும் பொடிப்பொடியாக, கடைசிவரை.

அவளும் கணவன் பழனியும் ஒரே சேலையை மாற்றி மாற்றி நெய்தால், ஆள் மாறிய இடத்தைத் தொட்டே சொல்லிவிடுவாள். இதுவும் அப்படித்தான் இருந்தது.

பத்தாம் நாள் தேவிப்ரியா வந்தபோது சாவித்திரி அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இங்கேர்ந்து வேற ஆளுங்க. நீங்க தப்பா எழுதிகினு வந்தீங்களா, இல்ல உங்கப்பா எழுதலையா?"

தேவிப்ரியா தாள்களைப் புரட்டி, அரக்கு நின்றுபோன இடத்தைக் கண்டுபிடித்தாள். பதினெட்டாம் அத்தியாயம். அப்பா அதற்கு வந்த வருஷம்தான் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அங்கேயே நின்று, படவேட்டில் இருக்கும் அம்மா புஷ்பலதாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அப்பா நாவல்ல பதினெட்டாவது அத்தியாயத்துலேர்ந்து யாரும்மா எழுதுனது?"



"யாரு சொன்னாங்க உனுக்கு?"

"இங்க நெய்யற அக்கா. அப்பா நாவலைத் துணியா நெய்யக் குடுத்திருந்தேன்."

"அவங்களுக்கு எப்படித் தெரியும்? அவரையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாதே." புஷ்பலதாவின் குரல் தணிந்தது. "அவரால பேனா பிடிக்க முடியல. பாதியில விட மனசு வரல. நான் எழுதிப் படிச்சுக் காட்டுவேன். அவர் தலையாட்டுவாரு."

தேவிப்ரியா துணியை மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ரொம்பப் பிடிச்சதே அந்தக் கடைசி பாகம்தாம்மா."



"அந்தத் துணியில இன்னும் என்னல்லாம் தெரியுதுன்னு கேளு" என்றாள் அம்மா.

"அவ்ளோதாங்க" என்றாள் சாவித்திரி, போனைப் பார்த்து.