ரக்‌ஷனா கை காட்டினாள்

எங்கள் சைக்கிள் குழுவில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ஹாரன் லாத்தா. லாத்தா என்றால் எங்கள் வீடுகளில் அக்கா. ஹாரன் என்றால் ஹாரன்தான். முதுகுக்குப் பின்னால்தான் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் என் காது நன்றாகவே கேட்கும். எங்கள் வீட்டில் பழுதாகிக்கொண்டிருந்தது காது அல்ல.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்கப்பூர் ஜாலான் புசாரில் ஒரு சைக்கிள் கடை வாசலில் கூடுவோம். அங்கிருந்து கிழக்கே சாங்கி கடலோரச் சாலை வரை போய்த் திரும்பி வந்து, அதே தெருவில் பரோட்டா தின்போம். போகும்போது இரண்டிரண்டு பேராக ஐந்து வரிசை. அதற்கு மேல் நீண்டால் சாலை விதி விடாது. ஒருவர் சக்கரத்துக்கும் அடுத்தவர் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம். பின்னால் வருகிறவருக்குச் சாலை தெரியாது, முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும். அதனால் முன்னால் போகிறவர் குழியைப் பார்த்தால் கையைத் தொடைப் பக்கம் இறக்கி விரலால் தரையைக் காட்ட வேண்டும். அதைப் பார்த்தவர் தனக்குப் பின்னால் வருகிறவருக்குக் காட்ட வேண்டும். இப்படியே கடைசி ஆள் வரை செய்தி போய்ச் சேரும். யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. நான் மட்டும் திறப்பேன். "லெஃப்ட்டுல குழி! மணலு! கல்லு! ஸ்லோ, ஸ்லோ!" என்று தொண்டை கிழியக் கத்துவேன்.

எனக்கு நேர் பின்னால் என் கணவர் அஹமது கபீர் வருவார். நான் கத்தியது அவருக்காக.

அவருக்கு கிளாக்கோமா. ஓரத்துப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. நேரே பார்த்தால் தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பரைப் படித்துவிடுவார். முழங்கைக்குப் பக்கத்தில் வைத்த தேநீர்க் கோப்பை தெரியாது, தட்டிவிடுவார். காலடியில் கிடக்கும் செருப்பில் தடுக்கிக்கொள்வார். குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்க்கிற மாதிரி என்று டாக்டர் சொன்னார். முன்னால் போகிறவரின் ஹெல்மெட் அவருக்குத் தெரியும். தொடைப் பக்கம் இறங்கும் கை தெரியாது.

காரை ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் காரை விற்றோம். "சிஓஈ விலை கட்டுப்படியாகல லா," என்று எல்லாரிடமும் சொன்னார். கார் வைத்துக்கொள்ளும் அனுமதிச் சீட்டுக்கே காரளவு விலை கொடுக்கும் சிங்கப்பூரில் இதை நம்பாதவர் யார்? சைக்கிளையும் விடுங்கள் என்றேன். "டாக்டர் கார்னுதானே சொன்னாரு?" என்றார். அந்தக் குழுவை ஆரம்பித்தவரே அவர்தான். காற்றுக்கு எதிராக முன்னால் நின்று இழுப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று சின்னப் பையன்கள் எல்லாம் சொல்வார்கள். அந்த ஒரு பேச்சைக் கேட்பதற்காகவே வாரம் முழுக்க உயிரோடு இருக்கிற மனுஷர். அவரைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று ஒருவர் சொன்னாலும் தாங்க மாட்டார்.

அதனால் ஐம்பது வயதுக்கு மேல் நான் சைக்கிள் பழகினேன். முட்டியெல்லாம் தேய்த்துக்கொண்டு, தெம்பனிஸில் தங்கை வீட்டுப் பக்கம் கார் நிறுத்துமிடத்தில் சுற்றிச் சுற்றிப் பழகினேன். புருஷனை ஒரு நாள்கூடத் தனியாக விட மாட்டாள் என்று குழுவில் சிரித்தார்கள். அவரோ, "ஜைனப் புதுசு, நான் பின்னாலேர்ந்து பாத்துக்குறேன்," என்று சொல்லி முன்வரிசையிலிருந்து நடுவரிசைக்கு வந்துவிட்டார். இந்த வயதிலும் மனைவி மேல் என்ன பாசம் பாருங்கள் என்று அவருக்குப் பாராட்டு வேறு! பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் சந்தோஷமாக இருந்தேன். நான் கத்தும் ஒவ்வொரு குழிக்கும் பின்னாலிருந்து, "சரி ஜைனு," என்று ஒரு குரல் வரும். வீட்டில் வாய் திறந்து நாலு வார்த்தை பேசாதவர். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இவ்வளவு பேசிக்கொண்டது அந்தச் சாலையில்தான்.

குழுவை இப்போது நடத்துவது இம்ரான். நல்ல பிள்ளை. என் கணவரை நானா நானா என்று சொந்த அண்ணனைப் போல் கொண்டாடுவான். வெள்ளிக்கிழமை தோறும் வாட்ஸ்அப்பில் அவனுடைய செய்தி வந்துவிடும். எந்தச் சாலையில் வெட்டிப் போட்டிருக்கிறார்கள், எங்கே புதுத் தார், யார் எந்தப் பந்தயத்தில் என்ன இடம், ஞாயிறன்று யார் எந்த வரிசை என்று எல்லாம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமைச் செய்தியில், இனிமேல் வரிசைக்குள் யாரும் கத்தக் கூடாது, கைச் சைகை மட்டும்தான் என்று இருந்தது. சத்தத்தில் புது ஆட்கள் பயந்து பிரேக் பிடிக்கிறார்களாம். புருஷன் பெண்டாட்டி ஒன்றாக வராமல் பிரிந்து ஓட்டினால் எல்லாரும் எல்லாரோடும் பழகலாமாம். நான் கடைசி வரிசை. கபீருக்கு முன்னால் ரக்‌ஷனா. நானா பின்னால் இருந்தால் அந்தப் பெண்ணுக்குப் பாதுகாப்பு என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தான்.

ரக்‌ஷனா ஈரோட்டுப் பெண். தஞ்சோங் பகாரில் ஏதோ கம்பெனியில் வேலை. ஊரிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இந்த ஊரில் அவளுக்கு இருந்த கூட்டாளிகள் எங்கள் குழுதான். சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்வாள். சின்னக் கல் கிடந்தாலும் கையை இறக்கிக் காட்டிவிடுவாள்.

சனிக்கிழமை மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

"நாளைக்குப் போக வேணாங்க."

"ஏன்? நீ கத்தலன்னா நான் ஓட்ட மாட்டேனா?"

"ஓட்ட மாட்டீங்க. உங்களுக்கே தெரியும்."

"கடலோர ரோட்ட எனக்கு மனப்பாடமாத் தெரியும் ஜைனு. கண்ண மூடிக்கிட்டே போவேன்."

"அப்ப இம்ரான்கிட்ட மட்டுமாவது சொல்லிடுங்க. ரெண்டு பேர் ஓட்டுற சைக்கிள் இருக்கு. நீங்க பின்னால உக்காந்து மிதிக்கலாம்."

அவர் கையைக் கழுவ எழுந்துவிட்டார். "என்னைய மூட்டை மாதிரி ஏத்திக்கிட்டுப் போகச் சொல்றியா?" என்றார். "சொன்னா அன்னைக்கோட நான் செத்தேன். நீ வாயத் தொறந்தே, அப்பறம் நமக்குள்ள ஒண்ணும் இல்ல." அவர் அப்படி ஒரு பேச்சை என்னிடம் பேசியதே இல்லை. நான் எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் கடலோரச் சாலையில் காற்று பின்னாலிருந்து தள்ளியது. நல்ல வேகம். நான் கடைசி வரிசையில் வலப்பக்கம். அங்கிருந்து அவருடைய முதுகும், அதற்கு முன்னால் ரக்‌ஷனாவும் சாய்வாகத் தெரிந்தார்கள். அவள் இடது கை கீழே இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். விரலால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை தரையைக் காட்டினாள். காட்டிவிட்டு லேசாக வலப்பக்கம் ஒதுங்கினாள். கபீர் ஒதுங்கவில்லை. "ஏங்க!" என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. அவருடைய முன்சக்கரம் குழியில் இறங்கி எகிறி, அவளுடைய பின்சக்கரத்தில் போய் மோதியது. இரண்டு பேரும் விழுந்தார்கள்.

அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். "நான் கை காட்டுனேங்க்கா," என்றே திரும்பத் திரும்பச் சொன்னாள். வலியை விட அதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

அவள் கை காட்டினாளா என்று இம்ரான் அவரிடம் கேட்டான். "காட்டலப்பா," என்றார். அவரைப் பொறுத்தவரை அது பொய் இல்லை. அவர் பார்க்கவில்லைதானே? அவருக்குப் பக்கத்தில் ஓட்டி வந்த ரகுபதி அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தானாம். சாயங்காலத்துக்குள் செய்தி மற்ற குழுக்களுக்கும் போய்விட்டது. புதுப் பெண் ஒருத்தி சைகை காட்டாமல் ஒதுங்கியதால் மூத்த ஓட்டுநர் விழுந்தார் என்று, அவள் படத்தோடு. இனிமேல் எந்தக் குழுவும் அவளைச் சேர்க்காது. யார் அவளுக்குப் பின்னால் சக்கரத்தைக் கொண்டுபோவார்கள்?

அந்த வாரம் முழுக்க நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று சொல்வார், நாளை சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் முழங்கைக்கு மருந்து போட்டுக்கொண்டு, வண்டியின் வளைந்த சக்கரத்தை நிமிர்த்தக் கொடுத்துவிட்டு வந்தார். எனக்கு அவர் கண் போனதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு யாரும் ஓட்டவில்லை. பரோட்டாக் கடையில் உட்கார்ந்து பேசிவிடலாம் என்று இம்ரான் கூப்பிட்டிருந்தான். ரக்‌ஷனா கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே கபீர், அவருக்கு வலப்பக்கம் இம்ரான், இடப்பக்கம் ரகுபதி.

"தப்பா எடுத்துக்காத ரக்‌ஷனா," என்றான் இம்ரான். "கொஞ்ச நாள் தனியா ஓட்டிப் பழகு. அப்பறம் பாக்கலாம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சரிங்கண்ணா. ஆனா நான் காட்டுனேங்க," என்றாள்.

நான் கபீரைப் பார்த்தேன். அவர் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"அவ காட்டுனா," என்றேன். "நான் பாத்தேன். ரெண்டு தடவ காட்டுனா."

"கடைசி வரிசைலேர்ந்தா?" என்றார் கபீர். "எனக்கு நேர் முன்னால போற பொண்ணு கை காட்டுனா எனக்குத் தெரியாதா?"

"தெரியாது," என்றேன். "உங்களுக்குத் தெரியாது. இவருக்கு ஓரத்துப் பார்வை இல்ல இம்ரான். கிளாக்கோமா. நான் இத்தன நாளா எதுக்குக் கத்துனேன்னு நெனச்சீங்க?"

கபீர் மெல்ல நிமிர்ந்தார். கோபப்படவில்லை. சிரித்தார்.

"பாத்தியா இம்ரான்? உங்க லாத்தாவுக்கு என்னைய வீட்டுல உக்கார வைக்கணும். அதுக்குத்தான் சைக்கிளே ஓட்ட வந்தா. இப்ப என்னையக் குருடனாவே ஆக்கிட்டா." சுவரைக் காட்டினார். "அந்த போர்டுல கடைசி வரி என்னா? மீன் கறி, அஞ்சு வெள்ளி. சரியா?"

சரிதான், மீன் கறி ஐந்து டாலர் என்றுதான் எழுதியிருந்தது. ரகுபதி சிரித்துவிட்டான். எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி வந்தது. ரக்‌ஷனா மட்டும் என்னைப் பார்த்தாள். அவளும் நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்தாளா, தெரியவில்லை. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவர் நாலு பேர் முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார். அதையும் சிரித்துக்கொண்டே செய்தார்.

"விடுங்க லாத்தா," என்றான் இம்ரான். "வீட்டுச் சண்டைய வீட்டுல வச்சுக்குங்க. எனக்கு நானா வார்த்தை போதும்." சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பிக் கை குலுக்கக் கையை நீட்டினான். அவன் மனதில் எந்தக் கள்ளமும் இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து, மேசை விளிம்புக்குக் கீழே, இரண்டு நாற்காலிக்கும் நடுவில் நீட்டினான்.

கபீர் அவன் முகத்தையே பார்த்துச் சிரித்தார். "நம்புனா சரி லா," என்றார்.

கை அப்படியே நின்றது.

"என்னா நானா, கோவமா?"

"உம்மேல எனக்கென்னா கோவம்?" இன்னும் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அன்பாகத்தான் பார்த்தார்.

ரகுபதி அந்தக் கையைக் கவனித்தான். ரக்‌ஷனாவும் கவனித்தாள். கடைசியில் இம்ரானே தன் கையைக் குனிந்து பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. கையை எடுக்கவும் அவனுக்குத் தெரியவில்லை.

"ஏங்க, வலப்பக்கம் கை," என்று நான் சொல்லியிருக்கலாம். என் வாய் பழக்க தோஷத்தில் திறந்தேவிட்டது. சொன்னால் அவர் சட்டென்று பிடித்துக் குலுக்கியிருப்பார். நானா நானாவாகவே இருந்திருப்பார். நான் பொய்க்காரியாக இருந்துவிட்டுப் போயிருப்பேன், எனக்கு அது பெரிதில்லை. ஆனால் என் பக்கத்தில் அந்தப் பெண் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"என்னா எல்லாரும் பேசாம இருக்கீங்க?" என்றார் கபீர். இம்ரானைப் பார்த்தார். தலையைத் திருப்பி ரகுபதியைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றார். சிரிப்பு போய்விட்டது. பயந்துபோயிருந்தார்.

"ஜைனு?" என்றார். "என்னா ஜைனு? என்னா இருக்கு அங்க?"

அவர் கேட்டு நான் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.