மஞ்சள் காட்டிய தண்ணீர்

அருமைநாயகத்தை நான் 'சார்' என்று எழுதப்போவதில்லை. வாயால் கூப்பிட்டுத் தொலைத்ததே போதும்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் எங்கள் லேப், அதற்கு அவன்தான் தலைவன். ஆலைப் புகையிலிருந்து பிரித்த கரியமில வாயுவைத் தருவைகுளத்துக்கு வடக்கே ஆழ்குழாயில் இறக்கி பூமிக்கடியில் அடைக்கிறார்கள். அங்குள்ள தண்ணீரை, அடியில் இருந்த அதே அழுத்தத்தோடு இரும்பு சிலிண்டரில் பூட்டி எங்களுக்கு அனுப்புவார்கள். திறக்கவே கூடாது. உள்ளே சாயம் செலுத்தி, கண்ணாடி வழியாக நிறம் பார்த்து அமிலத்தை அளப்போம். நீலம் என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் அமிலம் ஏறிவிட்டது; அது குழாயைச் சுற்றியுள்ள சிமெண்டை அரித்துவிடும், வாயு மேலே கசியும்.

அன்று பளிச்சென்று மஞ்சள். என்னோடு வேலை பார்க்கும் ஜெபிஷாவுக்கு முகம் செத்துவிட்டது. அவள் புருஷன் கிங்ஸ்டனுக்கு அந்தக் குழாயின் வால்வுக் குழியில்தான் வேலை.

"சார், வாயு எறக்குறத நிப்பாட்டச் சொல்லுங்க. குழிக்குள்ள யாரும் போவ வேண்டாம்."

"நாளைக்கு டெல்லியிலேருந்து சோதனைக்கு ஆளு வாரான். இன்னைக்குப் போயி நிப்பாட்டவா?" என்ற அருமைநாயகம் சிலிண்டர் வால்வை ஒரு திருகு திருகினான். புஸ்ஸென்று வாயு வெளியேறியது. மஞ்சள் மெல்ல நீலமானது. "பாத்தியாளா? நீலம்!"

"தண்ணில கரைஞ்சிருந்த வாயு போயிட்டுல்லா சார், அதான் அமிலம் கொறஞ்சு நிறம் மாறிட்டு. கீழ இன்னும் மஞ்சள்தான்."

நானும் அதையே சொன்னேன். "நீ வாய மூடு தேவகனி" என்றான் பாவி. "புது மாப்பிள்ளைக்கு லீவு வேணும்னா நேரா கேக்க வேண்டியதுதான" என்று அவளைப் பார்த்து இளித்தான். பிறகு வேண்டுமென்றே, அவள் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏலே கிங்ஸ்டன், குழிக்குள்ள எறங்கிப் பாத்துச் சொல்லு. ஒம் பொண்டாட்டி பயப்படுதா."

"எறங்காதீங்க!" என்று கத்தினாள் ஜெபிஷா.

"சும்மா இருளா, இந்தா ஏறிருதேன்" என்று சிரித்தான் அவன். கூட வேலை பார்க்கும் பேச்சிராஜாவிடம் போனைக் கொடுத்துவிட்டு இறங்கினான். ஏணிச் சத்தம் கேட்டது. அப்புறம் பொத்தென்று ஒரு சத்தம்.

"சார், கிங்ஸ்டன் விழுந்துட்டான்! அசைய மாட்டேங்கான்! நான் எறங்குதேன்!" என்று பேச்சிராஜா அலறினான். எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். ஒருத்தன் விழுந்தால் அடுத்தவன் யோசிக்காமல் குதிப்பான்.

"எறங்கு, எறங்கு, சீக்கிரம் தூக்கு!" என்றான் அருமைநாயகம்.

ஜெபிஷா போனைப் பிடுங்கினாள். கசிந்த கரியமில வாயு காற்றைவிடக் கனம், குழியில் தேங்கி நின்று இறங்குகிறவன் மூச்சை அடைத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"அண்ணே, எறங்காதீங்க. ஒருத்தரும் எறங்காதீங்க, நீங்களும் செத்துருவீங்க" என்றாள். "அவர அப்படியே விட்டுருங்க."