ஒரே பெயரில் ஆறு பேர்

வருஷத்துக்கு ஒரு தடவை வந்து கம்ப்யூட்டர்களைச் சோதித்துவிட்டுப் போகிறவருக்கு அந்தக் குளிர்கிடங்கில் வருஷக்காரர் என்று பெயர். வருவார், ஒவ்வொரு மேஜையாக உட்காருவார், உதட்டைப் பிதுக்குவார், அறிக்கை எழுதி நீட்டுவார். முதலாளியான சின்னவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு அலமாரியில் சொருகுவார். அதோடு அந்தப் பேச்சு அடுத்த வருஷம்தான்.

இந்தத் தடவை வருஷக்காரர் உதட்டைப் பிதுக்கவில்லை. நேராக அண்ணியின் மேஜைக்கு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

அண்ணி என்பது சின்னவருக்கு மட்டும்தான் முறை. ஆனால் டிரைவர், குடோன்காரர், பில் போடும் பெண் எல்லோருக்குமே அவள் அண்ணிதான். கிடங்கை ஆரம்பித்தவர் அவள் புருஷன். கம்பெனிகளின் ஊசி மருந்தைக் குளிர் கெடாமல் காத்து, கேட்கும் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவது தொழில். அவர் போய்ச் சேர்ந்த பிறகு தம்பி முதலாளி ஆனார். அண்ணி அதே மேஜையில், அதே நாற்காலியில் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

குளிர் அறைகளைக் கண்காணித்து, குளிர் கெட்டால் போனில் அலாரம் அடிக்கும் சாஃப்ட்வேரில் முதல் கணக்கு அவள் பெயரில்தான் திறந்தது. புருஷன் திறந்துகொடுத்து, மகளின் செல்லப்பெயரைப் பாஸ்வேர்டாக வைத்தார். பட்டுக்குட்டி. அப்புறம் சேர்ந்த சின்னவர், அவர் மனைவி, டிரைவர், குடோன்காரர், பில் போடும் பெண் என்ற ஐந்து பேருக்குத் தனித்தனியாகத் திறக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? "ஒரே குடும்பம், எதுக்கு ஆளுக்கொரு சாவி?" என்றார் சின்னவர். ஆக, ஆறு பேரும் அண்ணியின் பெயரிலேயே உள்ளே போய் வந்தார்கள். மூட்டை தூக்கும் குடோன்காரர்கூட கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் பட்டுக்குட்டி என்று தட்டுவார். அதைப் பார்க்க அண்ணிக்கு உள்ளுக்குள் பெருமைதான். மகள் வேலைக்கென்று எங்கோ போய்விட்டாலும், அவள் பேரை இத்தனை பேர் தினமும் எழுதுகிறார்களே.

அந்தப் பெருமைதான் இப்போது கழுத்தைப் பிடித்தது.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் அறையில் குளிர் அளவுக்கு மீறிப் போய் மருந்து உறைந்துவிட்டது. மறுநாள் காலை ஆட்கள் வருவதற்குள் மெஷின் தானாகச் சரியாகிவிட்டது, உறைந்ததும் கரைந்துவிட்டது. அப்படிக் கரைந்த மருந்து பார்க்க முன்போலவே இருக்கும், வேலை மட்டும் செய்யாது. அது வண்டி ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனது. ஊசி போட்டும் சர்க்கரை இறங்காமல் ஒருவர் செத்துப்போனார். யார் அலாரத்தை நிறுத்தியது என்று மருந்துக் கம்பெனி கேட்டது. இன்று சாயங்காலத்துக்குள் சோதனை அறிக்கை வந்தாக வேண்டும்.

"அலாரம் சரியாத்தான் அடிச்சிருக்கு மேடம்," என்றார் வருஷக்காரர். "அடிச்ச கையோட யாரோ நிறுத்தியிருக்காங்க. உங்க பேர்ல."

"என் பேர்லதான் சார் எல்லாரும் இருக்காங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். வருஷா வருஷம் முதல் வரியா அதத்தானே எழுதறேன்."

"எந்த போன்லேர்ந்து நிறுத்தினாங்கன்னு பாருங்களேன்."

"பழைய சாஃப்ட்வேர், பேரைத் தவிர எதையும் சொல்லாது. மாத்தச் சொல்லி அதையும் எழுதியிருந்தேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மெஷின்ல என்ன இருக்கோ அதத்தான் மேடம் நான் எழுத முடியும்."

நிறுத்தியது யார் என்று அண்ணிக்குத் தெரியும். அன்று சின்னவர் மகளுக்குப் பிறந்தநாள். கிடங்கு ஆட்கள் எல்லோருக்கும் அவர் வீட்டில்தான் சாப்பாடு. பந்தி நடுவே சின்னவரின் போன் கத்த ஆரம்பித்தது. இடது கையால் எடுத்தார், ஒரு தட்டுத் தட்டினார், அது வாயை மூடிக்கொண்டது.

"யாராவது போய்ப் பாக்கணுமே தம்பி," என்றாள் அண்ணி.

"சாப்பிட்டுட்டுப் போய்க்கலாம் அண்ணி. அது சும்மா சும்மா கத்தும்."

சாப்பாடு முடிந்தது, பாட்டு, சிரிப்பு, படம் எடுப்பது என்று நேரம் போனது. அண்ணி பாத்திரம் கழுவினாள். ஒருவரும் போகவில்லை. அவளும்தான் போகவில்லை. செத்துப்போன செய்தி வந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது சின்னவர் எல்லோரையும் கிடங்கு ஹாலுக்குக் கூப்பிட்டு நிற்கவைத்தார். "அன்னிக்கு அலாரத்த நிறுத்தினது யாருன்னு யாருக்காவது தெரியுமா?" கேட்கிற முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. டிரைவர் செருப்பைப் பார்த்தார். குடோன்காரர் ஜன்னலைப் பார்த்தார். பில் போடும் பெண் கையிலிருந்த பில் புத்தகத்தைப் புரட்டினாள். கடைசியில் வாயைத் திறந்தது சின்னவரின் மனைவி.

"அத எப்பவும் அக்காதான் பாத்துக்குவாங்க," என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

ஒருத்தரும் மறுக்கவில்லை. அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது. அது அண்ணிக்குப் புரிந்தது. புரிந்ததால் மனசு ஆறிவிடவில்லை.

சின்னவர் வருஷக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லிக்கிட்டே இருந்தது சரிதான் சார். இன்னிக்கே எல்லாருக்கும் தனிக் கணக்கு போட்டுடுங்க."

ஒவ்வொருவராகப் போய் உட்கார்ந்து, கையால் மறைத்துக்கொண்டு, தங்கள் பாஸ்வேர்டைத் தாங்களே அடித்தார்கள். ஐந்தாவது ஆள் எழுந்ததும் அண்ணி நாற்காலியை நோக்கி நடந்தாள்.

"அண்ணிக்கு வேண்டாம்," என்றார் சின்னவர்.

அவள் நின்றாள். அவர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "வயசாச்சு, எதுக்கு இந்த அலைச்சல்? நீங்க வீட்டோட நிம்மதியா இருங்க. உங்களுக்கு ஒரு குறையும் வராது." அதற்குள் கம்பெனிக்காரரின் போன் வந்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

கொலைகாரி என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, குறை வராது என்கிறார். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

மற்றவர்கள் கலைந்து போனார்கள், வருஷக்காரர் மட்டும் மிச்சம். "உங்க கணக்குதான் மேடம் தலைமைக் கணக்கு. மூடறதுக்கு நீங்களே ஒரு தடவை உள்ள போகணும்."

அண்ணி உட்கார்ந்து பட்டுக்குட்டி என்று அடித்தாள். கணக்கை மூடாமல், அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தேடி எடுத்தாள். ஒவ்வொரு அலாரத்துக்கும் பக்கத்தில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. இத்தனை வருஷத்தில் அதை யாரும் நிரப்பியதில்லை. அவள் நிதானமாக அடித்தாள்.

'நிறுத்தியது என் கொழுந்தன், அவர் வீட்டில், அவர் போனில். என் கண்ணெதிரில். போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தும் நானும் போகவில்லை.'

கீழே இன்றைய தேதியோடு அவள் பெயர் விழுந்தது. அந்தப் பெயரில் இருந்த ஆயிரக்கணக்கான வரிகளில் இது மட்டும் அவளுடையதுதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

"இத அழிக்க முடியாது," என்றார் வருஷக்காரர் மெல்ல. "கிடங்க மூடிடுவாங்க. உங்களையும் விட மாட்டாங்க."

"தெரியும் சார். மெஷின்ல இருக்கறதத்தானே எழுதுவீங்க?"

அவர் அந்த வரிகளை இன்னொரு தடவை படித்தார். பிறகு அவள் கணக்கை மூடினார், அறிக்கையை முடித்து பிரிண்ட் கொடுத்தார்.

சின்னவர் போனைக் காதில் இடுக்கியபடியே வந்தார். "இதோ கையெழுத்தாகுது சார், இப்பவே அனுப்பிடறேன்," என்று போனில் சொல்லிவிட்டு, வருஷக்காரரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"மெஷின்ல இருக்கறதுதான் சார்," என்றார் வருஷக்காரர்.

சின்னவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பேனாவைத் தேடினார். அண்ணி தன் மேஜையிலிருந்து எடுத்து நீட்டினாள். எவ்வளவு கோபம் இருந்தாலும் புருஷனோடு கூடப் பிறந்தவர், அவள் கையால் சோறு தின்று வளர்ந்தவர்.

"ஒரு தடவ படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க தம்பி," என்றாள்.

"நீங்கல்லாம் இருக்கும்போது நான் என்னத்தப் படிக்கறது அண்ணி," என்று சொல்லிக்கொண்டே அவர் கையெழுத்துப் போட்டார்.