‘நல்’ என்று எழுதிய கை

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதல்ல. கோட்டையூரிலிருந்து காரைக்குடிக்கு வந்த டவுன் பஸ் பாதி வழியில் டயர் பஞ்சராகி நின்றது. பக்கத்தில் இருந்த பெண், பொழுது போக வேறு வழியில்லாமல், என்னிடம் பேசத் தொடங்கினார். நான் கதை எழுதுகிறவன் என்று தெரிந்ததும் கொஞ்சம் தயங்கினார். பிறகு, “பேரை மட்டும் மாத்திருங்க” என்றார். மாற்றிவிட்டேன். இங்கே அவர் காளீஸ்வரி.

(பஸ்ஸில் ‘அவர்’. கதைக்குள் காலடி வைத்ததும் ‘அவள்’ ஆகிவிடுவார். கதைக்காரர்களின் கெட்ட பழக்கம்.)

முதல் தொடக்கம் இப்படி எழுதினேன்: “புதுவயலில் அன்று எந்த ஆலையிலும் புகை எழவில்லை.” பொய். எல்லா நாளும் போல அன்றும் எழுந்தது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: “துரோகம் எப்போதும் பக்கத்து நாற்காலியில்தான்—” இதை முடிக்கவில்லை. துரோகம் நடந்ததா என்பதே தெரியாதபோது அதற்கு எதற்கு நாற்காலி?

நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

செக்காலை ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் சின்னதாக ஒரு மென்பொருள் கம்பெனி. முதலாளி குமரப்பன். புதுவயல் அரிசி ஆலைகளுக்கு நெல் வரத்தைப் பதிந்து வைக்கும் மென்பொருள்தான் அவர்கள் தொழில். எந்த லாரியில் யாருடைய நெல் வந்தது, ஈரம் எவ்வளவு, எந்த அடுக்கில் மூட்டையை இறக்கினார்கள் என்பதெல்லாம் அதில் ஏறும்.

காளீஸ்வரிக்கு சர்வர்களைக் கட்டும் வேலை. கையால் அல்ல. சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கோப்பில் வரிவரியாக எழுதிக் கொடுத்தால், எங்கோ இருக்கும் கிளவுட் நிறுவனத்தின் இயந்திரம் அதைப் படித்துத் தானே கட்டிக்கொள்ளும். அந்தக் கோப்புகளுக்கெல்லாம் பொதுவான அச்சு ஒன்றைப் போட்டுக் கொடுத்தவன் ஆரிஃப். அவளைவிட வயதில் இளையவன், பக்கத்து மேசைக்காரன். அவளுடைய மகள் சினேகா அவனை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, மென்பொருளில் செய்த புது மாற்றம் ஒன்று கோணலாகி, ஆலைகளின் பதிவுகளைச் சிதைத்துவிட்டது. காளீஸ்வரி பதறவில்லை. தினமும் ஒரு நகல் தானாக எடுத்து ஏழு நாள் வரை வைத்திருக்கும் ஏற்பாடு உண்டு. நேற்றைய நகலை எடுத்துப் போட்டால் முடிந்தது.

திறந்து பார்த்தாள். நேற்றைய நகல் இல்லை. முந்தாநாளுடையதும் இல்லை. ஒரு நகல்கூட இல்லை.

ஆலை மேலாளர் வீரபாண்டியன் போனில் கத்தினார். “ஏம்மா, ஈரநெல்லு எந்த அடுக்குல கெடக்குன்னு ஒங்க கம்ப்யூட்டர்தான சொல்லணும்? இப்ப நான் யாரப் போய்க் கேக்க? ரெண்டு நாள் விட்டா உள்ளயே அவிஞ்சு போகும், பக்கத்து மூட்டையையும் சேத்துக் கெடுத்துரும்!”

ஆலைக்காரர்கள் அடுக்கடுக்காக மூட்டைகளை இறக்கி, கம்பியால் குத்தி நெல் எடுத்து, ஈரத்தை மறுபடி சோதித்தார்கள். அது முடியும்வரை புது லோடு எதுவும் உள்ளே போகவில்லை. லாரிகள் ரோடு வரைக்கும் நின்றன.

3

மறுநாள் காலை குமரப்பன் அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“பேக்கப்ப யாரோ நிப்பாட்டியிருக்காகம்மா. தானா நிக்குமா அது?”

“பாக்குறேன் சார்.”

“ஆரிஃப் வேலைய விட்டுட்டு பெங்களூருக்குப் போறான்ல. போற நேரத்துல ஏதாவது... நான் ஒன்னும் சொல்லல. நீங்க கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. அவன் காதுக்குப் போக வேணாம்.”

இந்த இடத்தில் காளீஸ்வரியை நம்பலாமா என்று எனக்கு ஒரு சந்தேகம். “நான் அப்பவே ஆரிஃப் அப்பிடிப்பட்டவன் இல்லைன்னு சொன்னேன்” என்றார் பஸ்ஸில். ஆனால் அடுத்த மூச்சிலேயே, அன்று முழுக்க ஆரிஃபை எப்படியெல்லாம் கவனித்தார் என்று விவரமாகச் சொன்னார். போன் வந்தால் அவன் மாடிப்படிக்குப் போய்ப் பேசினான். இவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனபோது அவன் சட்டென்று திரையை மாற்றினான். மத்தியானம் வழக்கமாகப் பகிர்ந்து சாப்பிடுகிறவன் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. அப்பிடிப்பட்டவன் இல்லை என்று நம்புகிற ஒருத்தி இதையெல்லாம் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளா?

அவளும் தன் திரையை அவன் பக்கமிருந்து திருப்பி வைத்துக்கொண்டாள். அவன் அதைப் பார்த்தான்.

சாயங்காலம் எல்லார் முன்னாலும் குமரப்பன் ஆரிஃபின் லேப்டாப்பை வாங்கி உள்ளே வைத்தார். “சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான் தம்பி” என்றார்.

4

அதற்கு அடுத்த நாள் காலை அவள் கண்டுபிடித்தாள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கதை பிடிக்காதவர்கள் இந்தப் பகுதியை விரும்பக்கூடும்.

ஆரிஃபின் அச்சில் ஒரு வரி இருந்தது: நகலை எத்தனை நாள் வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லாவிட்டால், ஏழு. நல்ல ஏற்பாடு. ஆலைக்கான கோப்பிலோ அதே இடத்தில் ஒரு சொல் இருந்தது: நல்.

(நிரல் எழுதுகிறவர்கள் ‘மதிப்பு எதுவும் தரவில்லை’ என்பதற்குப் போடும் null என்ற ஆங்கிலச் சொல் அது. தமிழில் எழுதினால் நல்லதன் பாதிபோல் தெரிகிறது. பார்த்து ஏமாறாதீர்கள்.)

டீக்கடையை வைத்துச் சொல்கிறேன். அலுவலகத்தில் எல்லாருக்கும் டீ வாங்கப் போகிறவரிடம் ஒரு விதி இருக்கிறது: யாராவது சீனி பற்றி வாயே திறக்காவிட்டால், அரைச் சீனி. நீங்கள் வாயைத் திறந்து, “சீனியப் பத்தி நான் ஒன்னும் சொல்லல” என்கிறீர்கள். அவர் அதை அப்படியே டீ மாஸ்டரிடம் போய் ஒப்பிக்கிறார். வாய் திறந்துவிட்டீர்களே, அதனால் அவருடைய அரைச் சீனி விதி செல்லாது. டீ மாஸ்டர் தன் கடை வழக்கப்படி போடுகிறார்.

அந்த இடத்தை எழுதாமலே விட்டிருந்தால் ஆரிஃபின் ஏழு வந்திருக்கும். ‘நல்’ என்று எழுதியதால் ஏழு விலகிக்கொண்டது. வெறுமை அப்படியே கிளவுட் நிறுவனத்துக்குப் போனது. அங்கே கடை வழக்கம் பூஜ்யம். நகலே வேண்டாம் என்று எடுத்துக்கொண்டது இயந்திரம்.

அந்த ‘நல்’லை எழுதியது காளீஸ்வரி. ‘நான் சொல்லவில்லை, ஆரிஃபின் ஏழே இருக்கட்டும்’ என்று நினைத்துத்தான் எழுதினாள்.

அவள் கைகள் சில்லிட்டுப் போயின என்று எழுதினேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. “ஒன்னுக்குப் போகணும் போல இருந்துச்சு” என்றார். அதுதான் உண்மையாக இருக்கும்.

5

குமரப்பன் அறை வாசல்வரை போனாள். உள்ளே அவர் வீரபாண்டியனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். “வேலைய விட்டுப் போற பய ஒருத்தன் செஞ்சதுங்க. ஆமாங்க, நம்ம பஸ் ஸ்டாண்டு செருப்புக் கடைக்காரர் மகன்தான்.”

அவள் திரும்பிவிட்டாள். மாடிப்படியில் ஆரிஃப் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

“ஆரிஃப், அந்த பேக்கப் விசயம்...”

“நல்லு. ஒங்க ஃபைல்ல இருக்கு.” அவன் தலை நிமிரவில்லை. “திங்கக்கெழமையே பாத்துட்டேங்க்கா.”

“தெரிஞ்சுமா சும்மா இருந்த?”

“நான் சொன்னா யாரு நம்புவா? போறவன் அடுத்தவுக மேல பழியப் போடுறான்னுதான் சொல்வாக. அதுவும் போக, நீங்க எழுதுனத சரி பாத்து ஓகே போட்டது யாரு? நான்தான். எனக்கும் ஏழுதான் வரும்னு நெனப்பு.”

“நேத்து என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“நேத்து நீங்க ஸ்க்ரீன அங்குட்டுத் திருப்பிக்கிட்டீக.”

அவள் ஒரு படி கீழே தள்ளி உட்கார்ந்தாள்.

“சரி, கண்டுபிடிச்சா நீங்களா சொல்றீகளான்னு பாப்போம்னு இருந்தேன்” என்றான். “இன்னைக்குக் காலையில எங்க அத்தா கடைக்கே வந்து ஒருத்தர் கேட்டுட்டுப் போயிருக்காரு. ஒங்க மகன் கம்ப்யூட்டர்ல என்னத்தையோ அழிச்சுட்டானாமேன்னு. அத்தா என்னைய ஒன்னும் கேக்கல. கேட்டிருந்தாக்கூடத் தேவலாம்.”

6

டயர் மாற்றி பஸ் கிளம்பியது இந்த இடத்தில்தான். காளீஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “அப்புறம் நான் சார்கிட்டப் போய்ச் சொல்லிட்டேன்” என்றார்.

அவ்வளவுதான். அதுவரை யார் என்ன சொன்னார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று வார்த்தைக்கு வார்த்தை சொன்னவர், இதை ஒரே வரியில் முடித்தார். “சார் என்ன சொன்னாரு?” என்று கேட்டேன். “என்ன சொல்வாரு, சரின்னாரு.”

மிச்சம் நடந்தவையாக அவர் சொன்னவை: குமரப்பன் வீரபாண்டியனைத் திரும்பக் கூப்பிட்டு, யார் மேலும் தப்பில்லை, கோளாறு கோப்பில்தான் என்றார். ஆரிஃபின் லேப்டாப் அவன் கைக்கு வந்தது. பொது அச்சில், ‘நல்’ வந்தால் ஏற்காதே, ஏழு நாளையே எடுத்துக்கொள் என்று ஒரு வரி சேர்ந்தது. ஆலையில் கொஞ்சம் நெல் கெட்டது, மற்றது தப்பியது. ஆரிஃப் பெங்களூர் போய்விட்டான்.

“அந்த வரியச் சேத்தது யாரு?”

“சேத்தாச்சு.”

தமிழில் ‘ஆச்சு’ என்று முடித்துவிட்டால் ஆள் தேவையில்லை.

முடிவு ஒன்று எழுதிப் பார்த்தேன்: அவள் குமரப்பன் முன்னால் நின்று, “எழுதுனது நான் சார்” என்கிறாள். கண்ணில் நீர். அறையில் மின்விசிறி— வேண்டாம். மின்விசிறி வந்தாலே நான் பொய் சொல்லப் போகிறேன் என்று அர்த்தம்.

இன்னொன்று: அவள் சொல்லவே இல்லை. ஆரிஃப்தான் கடைசியில் உள்ளே போகிறான். அச்சு போட்டவனும் சரி பார்த்தவனும் நான்தான், அக்கா பெயர் எதற்கு என்று தன் தலையிலேயே போட்டுக்கொண்டு, அத்தாவின் கடைக்கு மட்டும் இது போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறான். இது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்ததாலேயே சந்தேகமாகவும் இருந்தது.

இறங்குமுன் காளீஸ்வரியே ஒரு நம்பர் தந்திருந்தார். “வேணும்னா ஆரிஃப்கிட்டயே கேட்டுக்கங்க.” உண்மை சொல்கிறவர்கள் அப்படித் தருவார்கள். எதிராளி காட்டிக்கொடுக்க மாட்டான் என்று உறுதியாகத் தெரிந்தவர்களும் தருவார்கள்.

போன் செய்தேன். பின்னால் பெங்களூர் வாகன இரைச்சல். விஷயத்தைச் சொல்லி, காளீஸ்வரி தானே போய் முதலாளியிடம் ஒப்புக்கொண்டதாகச் சொன்னார், அப்படித்தானே என்று கேட்டேன்.

“அக்கா அப்பிடியா சொன்னாக?” என்றான் ஆரிஃப். “சரி. அப்பிடியே இருக்கட்டும்.”

வைத்துவிட்டான். மறுபடி நான் கூப்பிடவில்லை. அந்த ‘சரி’யை எந்தக் குரலில் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இப்போது ஒரு குரலில் படித்தீர்களே, அது ஆரிஃபுடையதல்ல. யாருடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.