தில்லைநாதன் வீட்டு இரைச்சல்

"உந்தச் சனியனை நிப்பாட்டு பிள்ளை! ஐயரின்ர மந்திரம் ஒண்டும் கேக்கேல்லை!" என்று பந்தலுக்குள் நின்று கத்தினார் அப்புத்துரை. சவப்பெட்டிக்குள் கிடப்பது அவருடைய தம்பி தில்லைநாதன். தம்பியோடு அவருக்கு ஒரு கோபமும் இல்லை. தம்பியின் றேடியோவோடுதான் நெடுநாள் பகை.

பெட்டியின் தலைமாட்டில் ஒரு கதிரை. அதில் அந்த றேடியோ, மீன் பொரிக்கும் தாச்சி மாதிரிப் பொரிந்துகொண்டிருந்தது. மகள் சிவதர்சினி தாயைப் பார்த்தாள்.

"நிப்பாட்டாதை," என்றாள் சிவனேஸ்வரி. "பெட்டி தூக்கேக்க, இவரோட றேடியோவிலை கதைக்கிற விஜிதரன் ஆக்கள் மூண்டு தரம் கூப்பிடுவினம். பதில் வராட்டித்தான் அவர் போயிட்டார் எண்டு அறிவிப்பினமாம். அது அவையின்ர முறை."

"செத்தவன் என்னெண்டு பதில் சொல்லுறது?" என்றார் அப்புத்துரை.

தில்லைநாதன் மல்லாவிக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். பொழுதுபோக்காக றேடியோவில் கதைக்க அனுமதி எடுத்து, முற்றத்தில் இரும்புக் கோபுரம் நட்டு, உச்சியில் அன்டெனாவும் அடியில் ரிப்பீட்டர் என்றொரு பெட்டியும் வைத்தார். செட்டிகுளத்தில் விஜிதரன் பேசினால், அந்த மெல்லிய குரலை வாங்கிப் பலமாக்கித் திருப்பி அனுப்புவது பெட்டியின் வேலை. கொக்கிளாய் வரை கேட்க வேண்டும். போனது கொரகொரப்பு மட்டும்தான்.

அது எங்கிருந்து வருகிறதென்று தேடித் தேடியே மனுசன் அரைவாசியாகிப் போனார். கேபிளை மாற்றினார். பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டரைச் சந்தேகித்தார். யானைக்குப் போட்ட மின்வேலியைச் சந்தேகித்தார். கோபுரம் எதற்கென்று விசாரிக்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து, அவர்களையே ஏணி பிடிக்க வைத்தார். வெயிலுக்கு இரைச்சல் கூடியது, மழைக்கு அடங்கியது, சனிக்கிழமைகளில் உச்சத்துக்குப் போனது. கடைசியில் சூரியனில்தான் பிழை என்று முடிவு கட்டினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டோவில் ஏறும்போதுகூட, "சூரியன் எண்டால் சனிக்கிழமை மட்டும் ஏனப்பா?" என்றுதான் கேட்டார்.

ஊரெல்லாம் அவருக்குக் 'கொரகொரத் தில்லை' என்று பெயர். அந்தப் பெயரோடு அவர் படலை தாண்டிப் போகக்கூடாது என்பதுதான் சிவனேஸ்வரியின் ஆசை. ஒரே ஒரு வசனம் துப்புரவாகக் கேட்டால் போதும்.

சவப்பெட்டியைத் தூக்கினார்கள். றேடியோவும் வாய் திறந்தது.

"தில்லை... கொர்ர்ர்... ணை... கொர்ர்ர்..."

பந்தலில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

முற்றத்தில் இறங்கியதும் முன்னால் போன அப்புத்துரை நின்றுவிட்டார். வந்த சொந்தங்கள் குளித்துவிட்டுக் காயப்போட்ட சேலைகளும் துவாய்களும் குறுக்கே கொடியில் காற்றுக்கு ஆடின. ஈரச்சேலை ஒன்று அவருடைய முகத்தை முழுதாக மூடியிருந்தது.

"உந்தக் கொடியை வழியிலை கட்டின விசரன் ஆர்?" என்றார் சேலைக்குள்ளிருந்து.

"உங்கட தம்பிதான்," என்றாள் சிவனேஸ்வரி.

உண்மை. கோபுரம் நட இடம் காணாமல் அவளுடைய கொடிக்கம்பத்தைப் பிடுங்கியவர் அவர். அவள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அவரே துருப்பிடித்த பழைய கம்பியொன்றைத் தேடியெடுத்து, கோபுரத்தின் காலில் முறுக்கிக் கட்டி, "இந்தா, கோபுரமும் உனக்குத்தான்" என்றார். அன்று கோழிக்கறி வைத்தாள்.

"அவிட்டு எறியுங்கோ, பெட்டி போகட்டும்."

யாரோ குறட்டால் முறுக்கைத் திருகினார்கள். கம்பி கோபுரத்தை விட்டுக் கழன்று, துவாய்களோடு நிலத்தில் விழுந்தது.

றேடியோ பொரிவதை நிறுத்தியது.

"தில்லையண்ணை," என்றது விஜிதரனின் குரல், பந்தலுக்குள்ளே நின்று கூப்பிடுவதுபோல. "தில்லையண்ணை, கேக்குதோ? ஓவர்."

ஐயரும் மந்திரத்தை நிறுத்தினார். சிவனேஸ்வரி நிலத்தில் கிடந்த கம்பியைப் பார்த்தாள். வெயிலுக்குத்தான் உடுப்புக் காயப்போடுவாள். மழை வந்தால் ஓடிப்போய் எடுப்பாள். சனிக்கிழமை வீட்டுத் துணி முழுவதும் தோய்ப்பாள். துணி ஆட ஆட, துருக்கம்பி கோபுரத்தின் காலில் உரசிக்கொண்டேயிருந்திருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்தினாள், தோள் குலுங்கியது. பெண்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்து, அவளுக்கும் சேர்த்துக் குழறினார்கள். யாரிடம் இதைச் சொல்வது? சொன்னால் துள்ளிக் குதிக்கக்கூடிய ஒரே ஆள் பெட்டிக்குள் இருந்தார். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மூன்றாந்தரமும் கூப்பிட்டுவிட்டு விஜிதரன் காத்திருந்தான். றேடியோவில் ஒரு சின்ன இரைச்சல்கூட இல்லை. அப்புத்துரை தோளில் கிடந்த ஈரச்சேலையை எடுக்காமலே நின்றார்.

"மெய்யாத்தான் துப்புரவாக் கேக்குது," என்றார் மெதுவாக.

அடுத்த நாள் தோய்த்த உடுப்பு ஒரு பெரிய வாளி நிறைய இருந்தது. சிவதர்சினி கம்பியைத் தூக்கிக்கொண்டு கோபுரத்தடிக்குப் போனாள்.

"அங்கை கட்டாதை பிள்ளை."

"இனி ஆரம்மா அதிலை கதைக்கப் போயினம்?"

சிவனேஸ்வரி வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு, முற்றத்தைக் கடந்து, அந்தக் கடைசித் தொங்கலில் இருந்த வேலிக்கு நடந்தாள். முதலில் அவருடைய சாரத்தை எடுத்து உதறி, நன்றாக இழுத்து விரித்துப் போட்டாள்.