ஊன்றிய கால்

செப்டம்பர் மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும், இத்தாலிய மலையில் எங்கள் ஊரிலிருந்து சான் கர்போ கணவாய்க்குப் போகும் சாலையில் வண்டி எதுவும் ஓடக் கூடாது. காலையில் பாலத்தருகே தடுப்பைப் போட்டுவிடுவார்கள். பிற்பகல் வரை மலை முழுக்க சைக்கிள்காரர்களுக்குத்தான். கோடையின் மற்ற நாட்களில் மோட்டார் சைக்கிள் கூட்டம் வளைவுகளை வெட்டிக்கொண்டு பறக்கும். அதனால் என்னைப் போன்றவர்கள் பள்ளத்தாக்கின் சமதளத்தில் ஓட்டுவதோடு சரி. மலை ஏறுவது வருடத்துக்கு அந்த ஒரு நாள்.

வெளியூர்க்காரர்கள் எப்படி வேண்டுமானாலும் ஏறலாம். நிற்கலாம், நடக்கலாம், புல்லில் படுத்துத் தூங்கலாம். எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் கால் ஊன்றக் கூடாது. பாலத்தில் பெடல்மேல் வைத்த காலை உச்சியில் இருக்கும் சிற்றாலயத்தின் முன்னால்தான் தரையில் வைக்க வேண்டும். அப்படி வந்தவர்கள் ஆலயத்தின் மணிக்கயிற்றை ஒரு முறை இழுக்கலாம். அந்த ஓசை கீழே ஊர்ச் சதுக்கம் வரை கேட்கும். வழியில் இறங்கி நடக்கும் ஊர்க்காரரைத் தாண்டும்போது மற்றவர்கள் முகத்தைப் பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். பார்க்காதது போல இருப்பதுதான் மரியாதை. அந்த மரியாதையை வாங்கிக்கொள்வதைவிடப் பள்ளத்திலேயே விழுந்துவிடலாம் என்று நினைத்துத்தான் நாங்களெல்லாம் வளர்ந்தோம்.

என் கணவர் கில்டோ பால் பண்ணையின் டேங்கர் லாரி ஓட்டினார். மலை ஏறுவது அவருக்குப் படி ஏறுவது போல. கல்யாணமான புதிதில் என்னையும் அந்த ஞாயிறன்று கூட்டிப்போனார். பக்கத்திலேயே வருவார். காடு அடர்ந்த செங்குத்தான பகுதி வந்ததும் அவருடைய வலது கை என் முதுகில், தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே, வந்து உட்காரும். தள்ளுகிறீர்களா என்று கேட்டால், சும்மா வைத்திருக்கிறேன் என்பார். உச்சியில் மாடு மேய்ப்பவர்களின் வீடுகள் கண்ணில் பட்டதும் கையை எடுத்துவிடுவார். நாலு பேர் முன்னால் மனைவியின் முதுகில் கை வைக்கக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். அப்புறம் மணி அடிப்பேன். கீழே வந்ததும் மதுக்கடையில் அவர், என் மனைவி கால் ஊன்றாமல் ஏறுகிறாள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார்.

வருடாவருடம் நான் மணி அடித்ததால் ஊர்ப் பெண்கள் சிலர் என்னிடம் கற்றுக்கொள்ள வந்தார்கள். சமதளத்தில் அவர்களை ஓட்டவைத்துப் பாடம் நடத்தினேன். கால் பலத்தை நம்பாதீர்கள், மூச்சுதான் மலை ஏறுகிறது என்பது என் பாடம். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் திட்டுவேன்.

கில்டோ ஒரு பிப்ரவரியில் போனார். கூரையில் உறைந்த பனியைத் தள்ளிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியோடு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள்.

அந்த செப்டம்பரில் நான் ஏறுவேனா என்று யாரும் கேட்கவில்லை. ஏறுவேன் என்றே எல்லோரும் இருந்தார்கள். நானும்தான். பாலத்தில் பெண்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். கில்டோவின் தங்கை நோயெமி, மாவு மில்லில் வேலை பார்க்கும் பிரிஸ்கா, இன்னும் இரண்டு பேர்.

“அண்ணி, இந்த வருஷமாவது கொஞ்சம் மெதுவா போங்க. உங்க பின்னாடி வந்து வந்து எனக்கு நாக்கு தள்ளுது” என்றாள் நோயெமி.

பிரிஸ்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். “நேத்து தின்ன பொலெந்தாக் களிய இங்கயே இறக்கி வெச்சுட்டு வா. சைக்கிளு பாவம்ல.”

எல்லோரும் சிரித்தோம். நான் முன்னால் போனேன்.

வண்டிகள் இல்லாத அந்தச் சாலையில் எல்லாம் கேட்கும். மேல் வளைவில் போகிறவனின் செயின் சத்தம், மாட்டுக் கழுத்து மணி, யாரோ தண்ணீர் குடிக்கும் சத்தம் கூட. காடு தொடங்கியதும் சாலை எழுந்து நின்றது. நான் கியரைக் குறைத்தேன். மறுபடி குறைத்தேன். அதற்குமேல் குறைக்க எதுவும் இல்லை. மூச்சை நான் கற்றுக்கொடுத்தபடியே விட்டுப் பார்த்தேன். தொடைகள் கேட்கவில்லை. முதுகில் எல்லா இடமும் வியர்த்து நனைந்திருந்தது. தோள்பட்டைக்குக் கீழே, கை இருக்கும் அந்த இடத்தில் காற்று பட்டுச் சில்லிட்டது. முந்தைய வருடங்களில் அந்த இடத்தில் காற்றுப் பட்டதே இல்லை.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அறிவால் அல்ல, முழங்காலால் தெரிந்தது. இந்தச் சாலையை நான் ஒருநாளும் ஏறியதில்லை.

முன்சக்கரம் இடமும் வலமும் ஆடியது. நான் முடிவு செய்யவில்லை. கால் தானாகவே இறங்கியது. காலணிக்கு அடியில், பெடலோடு பூட்டிக்கொள்ளும் இரும்புத் துண்டு தார்மேல் பட்டு ‘டக்’ என்றது. அந்த அமைதியில் அது எத்தனை வளைவுக்குக் கேட்டிருக்கும்! மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடாதா என்று இருந்தது. நடக்கத் தொடங்கினேன். டக், டக். நின்றால் இன்னும் மோசம் என்பதால் நடந்தேன்.

முதலில் பிரிஸ்கா வந்தாள். மூச்சு சீராக, நான் சொல்லித்தந்தபடியே வந்தது. கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்திருந்தாள். என்னைத் தாண்டும்போது முகத்தைப் பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு மற்ற இருவரும் அப்படியே. கடைசியில் நோயெமி. அவள் திரும்பத் தாமதித்தாள். ஒரு கணம் எங்கள் கண்கள் சந்தித்தன. பிறகு அவளும் திருப்பிக்கொண்டாள்.

மரங்கள் முடிந்த இடத்தில் சரிவு குறைந்ததும் ஏறி உட்கார்ந்து ஓட்டிப்போனேன். உச்சியில் நான்கு பேரும் மணி அடிக்காமல் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் பொர்த்தொலோ, முன்பு பாலாடைக்கட்டி செய்துகொண்டிருந்தவர், கயிற்றைக் கையில் வைத்திருந்தார். வா எர்சிலியா, நீ அடித்த பிறகுதான் அடிப்போம் என்று நிற்கிறார்கள் என்று சொல்லிக் கயிற்றை என் பக்கம் நீட்டினார்.

நான் நடந்து வந்தேன் என்றேன்.  நோயெமி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

“பேசாம இழுங்க அண்ணி. அண்ணன் ஊர் முழுக்கச் சொல்லி வெச்சிருக்கு. நீங்க இன்னிக்கு அடிக்கலன்னா, இத்தன வருஷமும் அது சொன்னது பொய்யாயிடும். செத்துப்போனவர பொய்யராக்கிடாதீங்க.”

அவள் சொன்னது சரிதான். கயிற்றை இழுத்தால் என் மானமும் அவர் வாக்கும் அப்படியே இருக்கும். யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. முகம் திருப்பியவர்கள் பார்க்காதவர்கள்தானே.

“அவர் என்னைத் தள்ளிக்கிட்டு வந்திருக்கார் நோயெமி. எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது” என்றேன்.

பொர்த்தொலோ எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டார். “அதுக்கு ஏம்மா இவ்வளவு சங்கடப்படற? காட்டுக்கு நடுவுல மரம் வெட்டின சந்து இருக்குல்ல, அங்க அவன் கை கீழ சதுக்கத்துக்கே தெரியும். ஊருக்கே தெரிஞ்ச விஷயம்தான். நீ இழு.”

நான் பெண்களைத் திரும்பிப் பார்த்தேன். ஒருத்தி முகத்திலும் ஆச்சரியம் இல்லை. பிரிஸ்கா குனிந்து, ஏற்கெனவே இறுக்கமாக இருந்த காலணி வாரை மறுபடி இறுக்கினாள். வசந்த காலம் முழுக்க இவர்கள் என் முன்னால் வந்து நின்று, கால் பலத்தை நம்பாதே என்று நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டிருக்கிறார்கள். காது மடல் எரிந்தது. தரை என்ற ஒன்று காலுக்குக் கீழே இருப்பதே அவமானமாக இருந்தது.

கில்டோ பொய் சொன்னாரா? தன் கை எவ்வளவு தாங்கியது என்று அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்தே சொன்னார் என்றாலும், எனக்காக அவர் சொன்ன பொய்யை நான் வாங்கி மறுபடி விற்க முடியாது. கயிற்றைப் பிரிஸ்காவிடம் கொடுத்தேன்.

“நீ இழும்மா. நீ ஏறினவ. யாராவது கேட்டா, எர்சிலியாவ அவ புருஷன்தான் ஏத்திவிட்டான், அவன் இல்லாம அவ நடந்துதான் வந்தாள்னு சொல்லிடு.”

நோயெமி சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆலயச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். அவள் பங்கு மணி அடிக்கப்படவே இல்லை. மற்ற மூன்று மணியும் கீழே போயின. சதுக்கத்தில் எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு இரண்டு குறைந்திருக்கும்.

மணி அடித்த ஊர்க்காரர்களுக்கு உள்ளே பெஞ்சில் வாற்கோதுமை சூப் தருவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு முற்றத்தில் வரிசை. நான் அந்த வரிசையின் கடைசியில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற ஜெர்மன்காரி என் வயதுதான் இருப்பாள். உடைந்த இத்தாலிய மொழியில், எளிதாக ஏறினீர்களா என்று கேட்டாள்.

“இல்ல, பாதி தூரம் நடந்தேன்” என்றேன். ஒருவரிடம் கேள்விக்குப் பதிலாக அதைச் சொல்வது அதுவே முதல் தடவை.

“நான் முக்கால்வாசி” என்று சொல்லிவிட்டு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் முகத்தில் வெட்கம் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அவள் தன் தட்டை நீட்டி, ரொட்டி இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டாள்.