கோடு தவறாத வண்டி

கடைக்காரர் மூன்று பெட்டிகளை மேசைமேல் வைத்துக்கொண்டு, தான் பெற்ற பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதுபோல் ஒவ்வொன்றின் குணத்தையும் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணனும் தம்பியும் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் மனைவி சுவரோர நாற்காலியில் இருந்தாள். டிராக்டர் சமாசாரத்துக்கு இவள் எதற்கு வந்தாள் என்று கடைக்காரருக்கு விளங்கவில்லை. இப்போதெல்லாம் அவள் இல்லாமல் அவள் கணவர் எங்கும் போவதில்லை. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் தோற்றார்கள் போங்கள் என்று அவள் கொழுந்தன் அதைக் கேலி செய்வான். முன்பெல்லாம் அவளும் சும்மா விடமாட்டாள். பனைமரம்போல் வளர்ந்த அவனை ஒட்டடைக்குச்சி என்று திருப்பிக் கொடுப்பாள். கொஞ்ச காலமாக அவளுக்கு அந்த வாயும் அடைத்துப்போயிருந்தது.

வாங்க வந்தது பேஸ் ஸ்டேஷன். ஸ்டீயரிங்கைத் தானே திருப்பிக்கொண்டு பயிர் வரிசைகளுக்கு நடுவே நூல் பிடித்தாற்போல் ஓடும் டிராக்டர் அவர்களுடையது. ஆனால் வானத்துச் செயற்கைக்கோளை மட்டும் நம்பினால் அது சொல்லும் இடம் ஒரு முழம், இரண்டு முழம் என்று அலையும். ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் ஓர் ஆண்டெனா அந்தப் பிழையைக் கண்டுபிடித்து நொடிக்கு நொடி வண்டிக்குச் சொன்னால்தான் விரற்கடை சுத்தமாகக் கோடு விழும். முதல் பெட்டிக்குச் சொந்த ஆண்டெனா கிடையாது. எங்கோ இருக்கும் பொது ஆண்டெனாவின் திருத்தத்தைச் செல்போன் வழியாக வாங்கிக்கொள்ளும். இரண்டாவதை முக்காலிமேல் தினமும் தரையில் அடித்த அதே முளைக்கு நேராக வைக்க வேண்டும். கொஞ்சம் நகர்ந்தால் வயல் முழுக்கக் கோடு நகரும். மூன்றாவது, கிடங்குக் கூரையில் கம்பம் நட்டு நிரந்தரமாக வைப்பது. அதற்குச் செல்போன் தயவு வேண்டாம், ரேடியோவில் பேசும், மழையிலும் வாய் மூடாது.

"இதைக் கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றார் கடைக்காரர், மூன்றாவதைத் தட்டி.

கொழுந்தனுக்கு முதல் பெட்டியே போதும் என்று எண்ணம். போன பருவம் அதுபோல் ஒன்றைத்தான் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். மேட்டுப் பக்கம் போனால் சிக்னல் விட்டுப்போகும். வண்டி கீச்சென்று கத்திவிட்டு ஸ்டீயரிங்கை ஆளிடமே கொடுத்துவிடும். அந்த நாலு கஜத்தைக் கையால் ஓட்டிக்கொண்டால் ஆயிற்று, கை எதற்கு இருக்கிறது என்று அவன் கேட்டான். நியாயமான கேள்விதான். அண்ணன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் யோசிக்கிறார் என்று மற்ற இருவரும் நினைத்தார்கள். அப்படிச் சாய்த்தால்தான் அவருக்குப் பெட்டியே தெரியும் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

கண் டாக்டர் போன பருவத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். பார்வையின் நடுப்பகுதி இரண்டு கண்ணிலும் போய்விட்டது, ஓரம்தான் மிச்சம். நேராகப் பார்ப்பது எதுவோ அது மறைந்துபோகும். சரிசெய்ய வழியில்லை, வண்டி ஓட்டவே கூடாது. வீட்டுக்கு வந்ததும் கணவர் கதவைச் சாத்திவிட்டு, தம்பிக்கு மட்டும் தெரியக்கூடாது என்றார். தெரிந்தால் சீட்டிலிருந்து இறக்கிவிடுவான், இறக்கிவிட்டால் நான் செத்ததற்குச் சமம் என்றார். அவளும் தலையாட்டினாள். அன்றைக்கு ஆட்டிய தலையை அவளால் பிறகு நிறுத்தவே முடியவில்லை.

அதன்பின் பருவம் முழுக்க அவள்தான் அவருக்குக் கண். சாலை வேலைக்காரர்கள் போடும் பளிச்சென்ற மஞ்சள் மழைக்கோட்டு ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு, வெயிலோ மழையோ, அவர் ஓட்டும் வரிசையின் முடிவில் போய் நிற்பாள். நேராகப் பார்த்தால் தெரியாத அவருக்கு ஓரக்கண்ணில் மஞ்சள் தட்டுப்படும். மஞ்சள் வந்தால் வரிசை முடிகிறது, திருப்ப வேண்டும். வண்டி நெருங்கியதும் அவள் விலகி அடுத்த வரிசையின் முனைக்குப் போவாள். சிக்னல் விட்டுப்போகும் இடங்களில் அவர் பிரேக்கைப் போட்டு, மெஷினைத் திட்டுவதுபோல் திட்டிக்கொண்டு, சிக்னல் திரும்பும்வரை உட்கார்ந்திருப்பார். சில சமயம் தம்பி பார்க்கிறானே என்று வீம்புக்கு ஓட்டுவார். அப்போதெல்லாம் இரண்டு வரிசை நாற்று வண்டிக்குப் பின்னால் மாட்டிய களைக்கொத்தியில் சிக்கிச் செத்தது. தானும் பாதி நாள் ஓட்டுகிறேன் என்று கொழுந்தன் கேட்டது அதனால்தான். அதற்கு அவர் போட்ட சத்தத்தில் அண்ணன் தம்பிக்குள் பல நாள் பேச்சே இல்லை. நான் உயிரோடு இருக்கும்வரை அந்தச் சீட்டில் வேறு ஆள் உட்கார முடியாது என்றார்.

இப்போது கடையில் அவள் வாய் திறந்தாள். கூரைக் கம்பமே இருக்கட்டும் என்றாள். செத்துப்போன நாற்றைச் சொன்னாள், மேட்டுப் பக்கத்து சிக்னலைச் சொன்னாள், முக்காலியைத் தினமும் யார் சரியாக வைப்பது என்று கேட்டாள். சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. உண்மைக் காரணம் மட்டும் அதில் இல்லை. அண்ணி இவ்வளவு விவரமாகப் பேசியதில் கொழுந்தனுக்கு ஆச்சரியம். சரி, அண்ணி சொன்னால் அப்பீல் ஏது என்று இறங்கி வந்தான். பிறகு கடைக்காரரைச் சும்மா சீண்டினான்.

"இவ்வளவு சொல்லுதே, எதிர்ல ஆள் நின்னா அதையும் சொல்லுமா?"

"அதுக்குத்தான் மேல ஒருத்தர் உக்காந்திருக்காரே" என்றார் கடைக்காரர். மூன்று ஆண்களும் சிரித்தார்கள்.

கம்பம் நட்ட பிறகு வீட்டில் ஒரு நிம்மதி வந்தது, அதை இல்லையென்று சொல்ல முடியாது. மேட்டுப் பக்கமானாலும் பள்ளமானாலும் வண்டி கோட்டை விட்டு அசையவில்லை. கடைக்காரரின் ஆள் வந்து வயலின் நான்கு எல்லையையும் அளந்து வண்டித் திரையில் ஏற்றிக் கொடுத்திருந்தான். வரிசை முடியும் இடத்தில் வண்டியே மணி அடித்தது. மணி அடித்தால் அவர் திருப்புவார், அடுத்த கோட்டை வண்டி தானே பிடித்துக்கொள்ளும். கொழுந்தன்கூட அண்ணன் கை திரும்பிவிட்டது என்று வாய்விட்டுப் பாராட்டினான். ஒருநாள் சாப்பிடும்போது அவர் அவளிடம், இனிமேல் நீ வந்து வெயிலில் காய வேண்டாம் என்றார். அவள் மஞ்சள் கோட்டைக் கிடங்கு ஆணியில் மாட்டினாள். வயலில் நின்று நின்று வீங்கிய கால்களை நீட்டி மத்தியானத்தில் கொஞ்சம் தூங்கவும் ஆரம்பித்தாள். பாவி மகளுக்கு அந்தத் தூக்கம் வந்ததுதான் கொடுமை.

அன்றைக்குக் காலையிலிருந்தே தூறல். அவர் களை எடுக்க வண்டியோடு இறங்கியிருந்தார். வரிசை நடுவில் சொட்டுநீர்க் குழாய் ஒன்று பிய்த்துக்கொண்டு நீர் பீய்ச்சுகிறது என்று கொழுந்தன் கிடங்குக்கு ஓடி வந்தான். குழாயை ஒட்டும் இணைப்புத் துண்டை எடுத்தவன், நனையாமல் இருக்க ஆணியிலிருந்த மஞ்சள் கோட்டையும் எடுத்து மாட்டிக்கொண்டான். அது அவன் இடுப்போடு நின்றுவிட்டது. வாசலில் நின்ற அவளுக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது. ஒட்டடைக்குச்சிக்கு உறை போட்ட மாதிரி இருக்கிறது என்றாள். அவனும் சிரித்துக்கொண்டே போனான். எங்கே போகிறான், எதை மாட்டிக்கொண்டு போகிறான் என்பது அவள் மண்டையில் உறைக்கவே இல்லை. அலறல் கேட்டபோதுதான் உறைத்தது.

சக்கரம் கொழுந்தனின் இரண்டு காலிலும் ஏறியிருந்தது. ஒன்றை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

விசாரிக்க வந்த அதிகாரி வண்டித் திரையில் பதிந்திருந்த கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒரு விரற்கடைகூட விலகவில்லை, வண்டிமேல் குற்றமில்லை என்று சொல்லிவிட்டு, ஓட்டியவர் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டார். அவள் கணவர் கிடங்குப் படியில் மழையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அதிகாரி அதைக் குழப்பத்தில் வரும் பேச்சு என்று எடுத்துக்கொண்டார். அவர் போன பிறகு கணவர் அவள் கையைத் தடவிப் பிடித்தார்.

"ஓரத்துல மஞ்சள் தெரிஞ்சுது. நீதான் பழக்கத்துல வந்து நிக்கிறேன்னு நெனச்சேன். நேராத் திரும்பிப் பாத்தேன். மஞ்சள் இல்ல. விலகிட்டேன்னு நெனச்சேன். நீ எப்பவும் விலகிடுவியே."

அவள் ஓவென்று அழுதாள். அவருக்காகவா, கொழுந்தனுக்காகவா, தனக்காகவா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கொழுந்தனுக்கு நினைவு தெளிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஃபிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுபோயிருந்தாள். கட்டில் பக்கத்தில் அவள் ஓர்ப்படி, கொழுந்தன் மனைவி, கண் வீங்கி உட்கார்ந்திருந்தாள். வாங்க அக்கா என்றுகூடச் சொல்லவில்லை. கொழுந்தன் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"வண்டி வர்றது தெரியும் அண்ணி. அண்ணன் பாத்துப்பாருன்னு குழாய மாட்டிட்டிருந்தேன். கிட்ட வந்ததும் கையாட்டினேன். மூஞ்சிய நேரா என் பக்கம் வச்சிருந்தாரு. என்னைப் பாத்துக்கிட்டேதான் வந்தாரு. எந்திரிக்கப் பாத்தேன், கால் சேத்துல மாட்டிக்கிச்சு. சீட்டுல பங்கு கேட்டதுக்கா இது? போலீஸ்ல அதத்தான் சொல்லப்போறேன்."

பேசாமல் இருந்தால் கட்டினவர் சொந்தத் தம்பியைக் கொல்லப் பார்த்தவர். பேசினால் அவர் குருடர். சீட்டைக் காப்பாற்றத்தான் அவள் இத்தனையும் மூடி வைத்தாள். இனி காப்பாற்ற அந்தச் சீட்டில் என்ன இருக்கிறது என்று தோன்றியது.

"நேராப் பாத்தா அவருக்குத் தெரியாது, தம்பி" என்றாள். "நடுவுல பார்வையே இல்ல. ஓரத்துல மட்டுந்தான். மஞ்சக் கோட்டப் பாத்து நான்னு நெனச்சிட்டாரு."

வரிசை முனையில் நின்றதையும் சொன்னாள். அவன் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. குழாய்க் கணக்கு, தண்ணீர்க் கணக்கு எல்லாம் அவன்தான் பார்ப்பான். விட்டுப்போனதைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரன்.

"எப்பலேருந்து?"

"போன பருவத்துலேருந்து."

"அப்போ கடைக்குப் போனப்பவே தெரியும்."

அவள் தலையாட்டினாள்.

"அந்தக் கம்பம்தான் வேணும்னு சொன்னது நீங்கதானே, அண்ணி."

அவன் கத்தவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். கத்தியிருந்தால் அவள் காலில் விழுந்திருப்பாள். ஓர்ப்படி எழுந்து வந்தாள். ஃபிளாஸ்க்கை அவள் கையிலிருந்து வாங்கவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவள் வெளியே போகும்வரை அப்படியே நின்றாள்.